பென் ஷெல்டனின் அப்பா 13 ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார்?

கேள்வி இதுதான்: "அமெரிக்க டென்னிஸ் வீரர் பென் ஷெல்டன் ஆடும்போது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அப்பா பிரையன், முன்பு ஒரு கல்லூரியில் பெண்கள் அணிக்குக் கோச்சாக இருந்தாராம். அது சொல்லிக்கொள்ளும்படியான வேலையா? அதிலேயே ஒருவர் காலம் தள்ள முடியுமா? என் அண்ணன் மகள் இந்த ஆகஸ்டில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் சேர்கிறாள். படிப்பு முடிந்ததும் கோச்சிங்தான் என்று இப்போதே அடம்பிடிக்கிறாள். வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை."

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில், பெண்கள் அணியோடு இரண்டு சீசன் தன்னார்வ உதவியாளராக இருந்தேன். தன்னார்வம் என்றால் சம்பளம் கிடையாது. பந்துக்கூடை தூக்குவதும், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவதும், வேன் ஓட்டுவதும் என் வேலை. அதனால் நான் பார்த்தது மேலிருந்து பார்த்த பார்வை அல்ல, பக்கவாட்டில் நின்று பார்த்தது.

பிரையன் ஷெல்டன் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் ஊர்க்காரர். அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா டெக்கில் படித்து, அங்கேயே ஆடி, பிறகு தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர். அவருடைய உச்ச ரேங்கிங் 55. நியூபோர்ட் புல்தரைப் போட்டியை 1991, 1992 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றார். 1992 பிரெஞ்சு ஓப்பனில் லோரி மெக்நீலுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் இறுதி வரை போனார். பழைய ரசிகர்களுக்கு அவரை ஞாபகம் இருப்பது 1994 விம்பிள்டனால். தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்தவர், அந்தப் போட்டியின் தரவரிசையில் (சீட்) இரண்டாம் இடத்தில் இருந்த மைக்கேல் ஸ்டீஷை முதல் சுற்றிலேயே நேர் செட்களில் வீட்டுக்கு அனுப்பினார். நான்காவது சுற்று வரை போனார். சரி, இது ஒரு நல்ல ஆட்டக்காரரின் கதை. ஆனால் 55-ஆம் இடத்தில் இருந்தவருக்கு ஓய்வுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிட ஒன்றும் இருக்காது. அன்றைய பரிசுத் தொகையில் பயணச் செலவும் வரியும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

1999-இல் அவர் தான் படித்த ஜார்ஜியா டெக்குக்கே பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2012 வரை அங்கே இருந்தார். தலைப்பில் உள்ள 13 ஆண்டுகள் இவைதாம்.

படித்த கல்லூரிக்கே திரும்பி வருவது இந்தத் தொழிலில் ரொம்ப சகஜம். ஸ்டான்ஃபோர்டின் லீலி ஃபோரூட் அங்கேயே ஆடியவர்; அங்கே பெண்கள் அணிக் கோச்சாக இருந்த பிராங்க் பிரென்னனிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து, அவர் விலகியதும் பொறுப்பை வாங்கிக்கொண்டவர். லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகப் பெண்கள் அணியை 1996-இல் ஏற்ற ஸ்டெல்லா சாம்ப்ராஸ் வெப்ஸ்டரும் அதே கல்லூரி மாணவிதான். 1988-இல் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) இரட்டையர் பட்டம் வென்றவர். ஆமாம், டென்னிஸ் ஜாம்பவான் பீட் சாம்ப்ராஸின் அக்கா. 'அவருடைய அக்கா', 'இவருடைய அப்பா' என்றே இந்தக் கோச்சுகளை நாம் தெரிந்துவைத்திருக்கிறோம்.

இந்த வேலை என்ன என்று புரிய, ஒரு போட்டியின் கணக்கு தெரிய வேண்டும். இரண்டு கல்லூரிகள் மோதும்போது முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். அவற்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரே ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், அவையும் பெரும்பாலும் ஆறு கோர்ட்டில் ஒரே சமயத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழு. முதலில் நான்கை எட்டுபவர் வென்றார், அத்தோடு ஆட்டம் முடிந்தது. மற்ற கோர்ட்டில் யாராவது மேட்ச் பாயின்ட்டில் நின்றாலும் அப்படியே ராக்கெட்டைக் கீழே வைக்க வேண்டியதுதான்.

இதில் ஒளிந்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. முதல் கோர்ட்டில் ஆடும் நட்சத்திரம் கொண்டுவருவதும் ஒரு புள்ளிதான், ஆறாம் கோர்ட்டில் ஆடும் பேர் தெரியாத பெண் கொண்டுவருவதும் அதே ஒரு புள்ளிதான். தொழில்முறை டென்னிஸில் ஒரு சாம்பியனை உருவாக்கிவிட்டால் கோச்சுக்குப் பெயர் வந்துவிடும். கல்லூரியில் ஒரு சாம்பியனை வைத்துக்கொண்டு 1-4 என்று தோற்று வீட்டுக்குப் போகலாம். இந்தக் கணக்கில்தான் ஒரு கல்லூரிக் கோச் உருவாகிறார் என்பது என் எண்ணம்.

இன்னொரு வித்தியாசம், கோச் கோர்ட்டுக்குள்ளேயே இருக்கலாம். புள்ளிகளுக்கு நடுவே இரண்டு வார்த்தை சொல்லலாம், பக்கம் மாறும் இடைவேளையில் பக்கத்தில் குத்தவைத்துப் பேசலாம். ஆறு ஆட்டம் ஒரே நேரத்தில் ஓடும்போது கோச்சிங் ஆட்கள் இரண்டு மூன்று பேர்தான். எங்கே நிற்பது என்பதுதான் அந்த மூன்று மணி நேரத்தின் மிகப் பெரிய முடிவு.

எங்கள் ஹெட் கோச் ஒரு பெண்மணி. மார்ச் மாதம், பயங்கரக் காற்று; பந்தை மேலே போட்டால் அது வேறு எங்கோ இறங்கியது. ஸ்கோர் 2-3, நாங்கள் பின்தங்கியிருந்தோம். மிச்சம் இருந்தவை இரண்டாம் கோர்ட்டும் ஆறாம் கோர்ட்டும். நான் என் பாட்டுக்கு இரண்டாம் கோர்ட் பக்கம் ஓடினேன், அங்கேதான் கூட்டம். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவளுக்கு நாம் தேவையில்லை. நாம் போனால் பயந்துவிடுவாள்" என்று சொல்லிவிட்டு ஆறாம் கோர்ட்டுக்கு நடந்தார். அங்கே ஆடிக்கொண்டிருந்தது முதலாண்டுப் பெண், வாயில் நகம். இடைவேளையில் ஏதோ பெரிய வியூகம் சொல்லப்போகிறார் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்து, "ராத்திரி என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எழுந்து போகும்போது மட்டும், "காற்றுக்கு எதிராக இருக்கும்போது உயர்த்தி அடி, நடுவிலே அடி. அவ்வளவுதான்" என்றார்.

40-40 வந்தால் கல்லூரி ஆட்டத்தில் அட்வான்டேஜ் கிடையாது. ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்று எதிர்கொள்பவர் தேர்ந்தெடுக்கலாம். அப்படி ஒரு புள்ளி வந்தபோது அந்தப் பெண் கோச்சைத் திரும்பிப் பார்த்தாள். கோச் ஷூ லேஸைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார். வேண்டுமென்றேதான். அந்த ஆட்டத்தில் ஜெயித்தோமா என்று கேட்பீர்கள். ஆறாம் கோர்ட்டில் ஜெயித்தோம், பிறகு இரண்டாம் கோர்ட் தோற்று மொத்தமாகத் தோற்றோம். வேனில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. பீட்சா வாங்கினோம்.

யாரை எந்த நம்பரில் ஆட வைப்பது என்பது அடுத்த தலைவலி. பலம் வாரியாக வரிசைப்படுத்தித்தான் இறக்க வேண்டும் என்பது விதி. உங்களுடைய நல்ல ஆட்டக்காரியைக் கீழே ஒளித்துவைத்துச் சுலபப் புள்ளி எடுக்க முடியாது. எதிரணிக் கோச் புகார் செய்தால் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் பயிற்சி ஆட்டங்களின் முடிவைக்கூடக் குறித்துவைத்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் அணியில் கோவைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் தமிழ் பேசுவேன் என்று தெரிந்ததும் அவளுடைய அப்பா எனக்கு நேராகப் போன் செய்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, எம் புள்ள ஸ்டேட்ல ஜெயிச்சவ. அஞ்சாம் நம்பர்ல போட்டு வெச்சிருக்காங்களே, என்ன குத்தம் பண்ணுனா?"

"குத்தம் ஒண்ணும் இல்லீங்கண்ணா. அஞ்சாம் நம்பர்ல ஜெயிச்சாலும் அதே ஒரு புள்ளிதானுங்க."

"அதுக்கில்லீங்க. ஊருக்குள்ள கேக்கறாங்க."

கோச்சிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தன்னுடைய நோட்டை எடுத்து, அந்தப் பெண் கடந்த ஆறு வாரத்தில் யாரிடம் எத்தனை செட் தோற்றாள் என்று தேதியோடு காட்டினார். "அப்பாவிடம் இதைச் சொல்லாதே. 'ஏப்ரலில் பேசுவோம்' என்று மட்டும் சொல்" என்றார். ஏப்ரலில் அவள் மூன்றாம் நம்பரில் ஆடினாள். அவர் போன் செய்யவே இல்லை.

இனி ஆள் சேர்ப்பு. தலைமைப் பயிற்சியாளரின் நேரத்தில் பெரும்பங்கை விழுங்குவது இதுதான். நீண்ட காலமாக டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) பெண்கள் அணிக்கு எட்டு முழு ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு நாலரை. ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) அணிகளில் எண்பதுக்கு மேல் ஆண்களுக்கு ஸ்காலர்ஷிப் போவதால், கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டப்படி அதை ஈடுகட்ட மற்ற விளையாட்டுகளில் பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பெண்கள் அணிக் கோச்சுக்கு இது வரம். எட்டுப் பேருக்கும் 'படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் எங்கள் செலவு' என்று சொல்லி உலகம் முழுக்க வலை வீசலாம். ஆண்கள் அணிக் கோச் நாலரையைப் பங்கு போட்டுப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். 2025-இல் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய், அணிக்குப் பத்துப் பேர் என்ற கணக்கு இருவருக்கும் பொதுவாக வந்துவிட்டது. பத்துப் பேருக்கும் பணம் கொடுப்பதா என்பது அந்தந்தக் கல்லூரியின் பாடு.

டிவிஷன் ஒன் பெண்கள் டென்னிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டு மாணவிகள். அதனால் கோச்சின் போன் நள்ளிரவிலும் அடிக்கும். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை கோச் அந்தப் பெண்ணோடு பேசக் கூடாது என்று விதி. அந்த நாள் பிறந்ததும் எல்லாக் கோச்சுகளும் ஒரே பெண்ணுக்குச் செய்தி அனுப்புவார்கள், நம்மூரில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று கல்லூரிகள் போன் போடுவதுபோல. யூடிஆர் என்றொரு ரேட்டிங் இருக்கிறது, அதைப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். ஆனால் எங்கள் கோச் ஜூனியர் போட்டிகளுக்குப் போனால் ஆட்டத்தைப் பார்த்ததைவிட, தோற்றுவிட்டு வெளியே வரும் பெண் தன் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறாள் என்றுதான் அதிகம் பார்ப்பார். கிட் பையை அம்மா தூக்கி வந்தால் பெயரை அடித்துவிடுவார். இது கொஞ்சம் அநியாயம் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது 2007-க்கு வருவோம். அந்தக் காலத்தில் பெண்கள் கல்லூரி டென்னிஸ் என்றால் ஸ்டான்ஃபோர்ட். 2004, 2005, 2006 மூன்று ஆண்டும் அவர்கள்தான் சாம்பியன். 89 போட்டிகள் தொடர்ந்து தோற்காமல் ஆடியிருந்தார்கள். அந்தத் தொடர் அறுந்தது 2007-இல்தான். ஜார்ஜியா டெக்கோ பொறியியலுக்குப் பேர் போன இடம். ஷெல்டன் வந்து எட்டாவது சீசன். தங்கள் கான்ஃபரன்ஸான (பக்கத்துக் கல்லூரிகளின் கூட்டமைப்பு) ஏசிசி பட்டத்தை 2005-இலிருந்து தொடர்ந்து வாங்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வருடம் தேசிய உள்ளரங்கப் பட்டத்தையும் பிடித்தார்கள். மே மாதம் என்சிஏஏ இறுதியில் ஸ்டெல்லாவின் யூசிஎல்ஏ அணியை 4-2 என்று வென்றார்கள்.

அது நடந்த இடம் ஏதென்ஸ், ஜார்ஜியா. அதாவது ஜார்ஜியா டெக்கின் பரம எதிரியான ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைதானம். எதிரி வீட்டு முற்றத்தில் கோலம் போட்டுவிட்டு வந்த மாதிரி. ஜார்ஜியா டெக் வரலாற்றில் எந்த விளையாட்டிலும் வந்த முதல் என்சிஏஏ அணிப் பட்டம் அதுதான். அவர்கள் ஃபுட்பாலில் 1990 உட்படத் தேசிய சாம்பியன் என்று சொல்லிக்கொள்வார்கள், ஆனால் அவை வாக்கெடுப்பில் வந்தவை. என்சிஏஏ கொடுத்தது அல்ல. அத்தனை பெரிய ஃபுட்பால் ஸ்டேடியத்தை வைத்துக்கொண்டு, முதல் கோப்பையைப் பெண்கள் டென்னிஸ் அணிதான் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அதே அணியின் அமாண்டா மெக்டவல் ஒற்றையர் பட்டமும் வென்றார்.

அதே மே மாதம், அதே மைதானத்தில்தான் சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், விர்ஜினியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, அந்த ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கே ஆடிய ஜான் இஸ்னரை அவர் கூட்டத்தின் முன்னாலேயே தோற்கடித்து ஒற்றையர் பட்டம் வாங்கினார். நம் ஊர்ப் பத்திரிகைகளில் சோம்தேவ் செய்தி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் நடந்த மற்றது தெரியவே தெரியாது. பென் ஷெல்டனுக்கு அப்போது நாலரை வயது.

எட்டு ஆண்டு என்று சொன்னேனே, அது சீக்கிரம். ஸ்டெல்லாவுக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆனது. 2007-இல் இறுதியில் தோற்று, 2008-இல் வென்றார். இரண்டாவது பட்டம் 2014-இல், வடக்கு கரோலினாவை 4-3 என்று தோற்கடித்து. அப்படித் தோற்ற அணியின் கோச் பிரையன் கால்பஸ். அவர் வடக்கு கரோலினாவுக்கு வந்தது 2003-இல். உள்ளரங்கப் பட்டங்களாக வாங்கிக் குவித்தார். மே மாதம் வந்தால் மட்டும் எங்காவது சறுக்கும். கடைசியில் 2023-இல், இருபதாவது சீசனில், பக்கத்து ஊர் என்சி ஸ்டேட்டை வென்று கோப்பையைத் தொட்டார். அதே கோடையில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜெஃப் வாலஸ் ஓய்வுபெற்றார். 1980-களிலிருந்து அங்கே இருந்தவர், 1994, 2000 பட்டங்கள் அவருடையவை. அவரிடமிருந்து அணியை வாங்கிய டிரேக் பெர்ன்ஸ்டைன் முதல் சீசனில் இறுதிக்குப் போனார், இரண்டாவது சீசனான 2025-இல் சாம்பியன். ஒருவருக்கு இருபது ஆண்டு, ஒருவருக்கு இரண்டு. திறமையில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. ஒருவர் அஸ்திவாரம் தோண்டியவர், மற்றவர் கட்டிய வீட்டுக்குக் குடிவந்தவர். குடிவந்த வீட்டை ஒழுகாமல் வைத்திருப்பதும் சாமர்த்தியம்தான்.

ஃபோரூட் அந்த இரண்டாவது வகையில் உச்சம். பிரென்னன் பத்துப் பட்டம் வாங்கிவிட்டுப் போன அணி அது. அப்படி ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தால் ஒவ்வொரு தோல்விக்கும் 'அந்தக் காலத்தில்' என்று ஒரு பேச்சு வரும். ஃபோரூட் 2001 முதல் 2019 வரை தானும் பத்து வாங்கினார். அதில் எனக்குப் பிடித்தவை எளிதாக வந்த ஆண்டுகள் அல்ல. 2013-இல் ஸ்டான்ஃபோர்ட் 12-ஆம் சீட். 2016-இல் 15-ஆம் சீட். 2018-இலும் 15. மூன்றிலும் இறுதிப்போட்டி 4-3. சீசன் முழுக்கத் தடுமாறிய அணியை மே மாதத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

டென்னிஸ் அல்லாத வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது, வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுமுறை. இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாணவிகளின் படிப்பு முன்னேற்றத்துக்கு ஏபிஆர் என்று ஒரு மதிப்பெண், ஆயிரத்துக்கு 930-க்குக் கீழே போனால் தண்டனை. கெமிஸ்ட்ரியில் யாராவது தவறினால் கோச்சுக்குத்தான் கடிதம். பெரிய கல்லூரிகளில் இதற்கெல்லாம் ஆட்கள் உண்டு. சின்ன இடத்தில் ஹெட் கோச்தான் ஓட்டல் புக்கிங், அவரேதான் வேன் டிரைவர், மழை நின்றதும் தள்ளுகட்டையால் கோர்ட்டில் தண்ணீர் தள்ளுவதும் அவரே. பல இடங்களில் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் ஒரே ஆள்.

கடந்த சில ஆண்டுகளில் வேலை ரொம்ப மாறிவிட்டது. ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபிறகு மாணவிகள் ஆண்டுதோறும் கல்லூரி மாறலாம். நான்கு ஆண்டு பொறுமையாக வளர்க்கலாம் என்று கணக்குப் போட்டால், இரண்டாம் ஆண்டு முடிவில் பெரிய கல்லூரி கொத்திக்கொண்டு போய்விடும். பரிசுப் பணத்தில் வேறு சிக்கல். தொழில்முறைப் போட்டிகளில் வென்ற பணத்தை முழுதாக வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியை எதிர்த்து, 2024-இல் கால்பஸின் மாணவி ரீஸ் பிரான்ட்மையர் என்சிஏஏ மீதே வழக்குப் போட்டார். தன் அணியில் ஆடும் பெண்ணே விளையாட்டின் விதியை நீதிமன்றத்துக்கு இழுக்கும்போது, கோச் அவளுக்கு மறுநாள் காலை பேக்ஹேண்டும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பழைய கோச்சுகள் சிலர் இதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பெண் சொல்வதுதான் நியாயம் என்று படுகிறது.

ஷெல்டனின் மிச்சக் கதையையும் முடித்துவிடலாம். 2012-இல் அவர் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்குப் போனார். 2021-இல் அந்த அணிக்கு முதல் என்சிஏஏ பட்டம். ஒர்லாண்டோவில் பேய்லரை 4-1 என்று வென்றார்கள். அந்த நான்காவது புள்ளியை எடுத்தது முதலாண்டு மாணவன் பென். டிவிஷன் ஒன்னில் ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளையும் சாம்பியனாக்கிய முதல் கோச் பிரையன்தான். அடுத்த ஆண்டு பென் ஒற்றையர் பட்டம் வென்று தொழில்முறைக்குப் போனார். 2023 ஜூனில் பிரையன் கல்லூரி வேலையை விட்டு மகனோடு கிளம்பினார். அந்த செப்டம்பரில் பென் அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் இருந்தார்.

இதைப் பத்திரிகைகளில் எழுதும்போது பெண்கள் அணியை முதல் படி என்றும், ஆண்கள் அணியைப் பதவி உயர்வு என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஃப்ளோரிடா எல்லா வசதியும் உள்ள இடம். பட்டம் என்றால் என்ன என்றே தெரியாத இடத்தில் ஓர் அணியைக் கட்டிய ஏதென்ஸ் கோப்பைதான் அவர் செய்ததிலேயே கஷ்டமான காரியம். இன்னொன்றும் தோன்றும்: பென் ஆடும்போது அவர் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பையன் கத்துவான், குதிப்பான். அப்பா அசைய மாட்டார். ஆறு கோர்ட்டிலிருந்தும் கண்கள் தன்னைத் திரும்பிப் பார்க்கும் என்று தெரிந்து பதின்மூன்று ஆண்டு நின்றவருக்கு அந்த முகம் பழகியிருக்கும்.

சரி, உங்கள் அண்ணன் மகளுக்கு வருவோம். பெண்கள் அணிகளைப் பெண்கள்தானே நடத்துவார்கள், இடம் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 1972-க்கு முன்பு எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பெண் கோச்சுகளே. டைட்டில் ஒன்பதுக்குப் பிறகு பணமும் சம்பளமும் வந்தன, கூடவே ஆண்களும் வந்தார்கள். இன்று பாதிக்கும் குறைவு. மேலே நான் சொன்ன பெயர்களையே எண்ணிப் பாருங்கள். சட்டம் ஆட்டக்காரிகளுக்குக் கதவைத் திறந்தது, கோச்சுகளுக்கு அதே கதவைப் பாதி சாத்தியது.

சம்பளம் பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஹெட் கோச்சுக்கு ஆறு இலக்க டாலர். உதவியாளருக்கு அதில் பாதிகூட இருக்காது. சின்னக் கல்லூரியில் பள்ளி ஆசிரியர் சம்பளம் மாதிரி. வேலை உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டால், பட்ஜெட் இடித்தால் முதலில் கத்தி விழும் விளையாட்டுகளில் டென்னிஸும் ஒன்று. 2020-இல் ஐயோவாவும் மின்னசோட்டாவும் ஆண்கள் டென்னிஸையே மூடிவிட்டன. பெண்கள் அணிக்கு டைட்டில் ஒன்பது கொஞ்சம் கவசம். முழுக் கவசம் என்று சொல்ல மாட்டேன்.

வழி எப்படி என்றால், நான்கு ஆண்டு ஆடிவிட்டு, முதுகலையில் சேர்ந்து கிராஜுவேட் அசிஸ்டன்ட்டாக அணியோடு இருப்பது முதல் படி. கட்டணம் மிச்சம், கையில் கொஞ்சம் உதவித்தொகை, பந்துக்கூடை நிச்சயம். அப்புறம் உதவிப் பயிற்சியாளர், அசோசியேட், பிறகு எங்காவது சின்ன இடத்தில் ஹெட் கோச். இந்தியாவிலிருந்து போகிறவளுக்கு விசா ஒரு தனிக் கணக்கு. படிப்பு முடிந்ததும் கிடைக்கும் ஓபிடி என்ற ஓராண்டு வேலை அனுமதி, படித்த பாடத்தோடு தொடர்புள்ள வேலைக்குத்தான் செல்லும். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டுக் கோச்சிங் வேலைக்கு அதைக் காட்டினால் தகராறு வரும். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட், கைனீசியாலஜி மாதிரி ஏதாவது இருந்தால் பேச இடமுண்டு. நல்ல செய்தி, பல்கலைக்கழகங்கள் எச்1பி குலுக்கலில் நிற்க வேண்டியதில்லை. ஆண்டு உச்சவரம்பு அவற்றுக்குப் பொருந்தாது. அதனால் எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) என்பதை ஆகஸ்டுக்கு முன்பே, அவளைச் சேர்த்துக்கொண்ட கோச்சிடமும் அங்குள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். அண்ணனிடம் சொல்லிவையுங்கள், அஞ்சாம் நம்பரில் போட்டால் உடனே போனை எடுக்க வேண்டாம் என்று.